டாப் பாக்ஸில் எல்.இ.டி. பிரேக், டெயில் விளக்கு பொருத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: பைக்கின் பின்னால் கழற்றி மாட்டும் டாப் பாக்ஸ் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் சிவப்பு எல்.இ.டி. வைத்து, அது டெயில் விளக்காக எப்போதும் மங்கலாக எரிய வேண்டும், பிரேக் பிடித்தால் பளிச்சென்று எரிய வேண்டும். பெட்டியைக் கழற்றும்போது வயர் இடைஞ்சலாக இருக்கக்கூடாது, பைக்கின் சொந்த வயரிங்கும் கெடக்கூடாது.

தாராளமாகச் செய்யலாம். விளக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லோரும் நேரம் செலவழிக்கிறார்கள், ஆனால் இந்த வேலையில் சுலபமான பகுதி அதுதான். சில மாதத்தில் எரியாமல் போன பெட்டி விளக்கைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் எல்.இ.டி. நன்றாகவே இருக்கும். கனெக்டரில் பச்சை பூத்திருக்கும், அல்லது மூடியின் கீல் அருகே வயர் தோலுக்குள்ளேயே அறுந்திருக்கும். அதனால் பெட்டிக்கும் பைக்குக்கும் நடுவே உள்ள இணைப்பைப் பற்றித்தான் கீழே அதிகம் சொல்லப்போகிறேன்.

இன்னொரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் வையுங்கள். பைக்கின் அசல் பின் விளக்குதான் முதன்மை, பெட்டியில் வைப்பது உபரி. பெட்டி விளக்கில் ஷார்ட் ஆனாலும், வயர் அறுந்தாலும், தண்ணீர் புகுந்தாலும், அசல் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கீழே வரும் ஃபியூஸ், டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) எல்லாம் இதற்காகத்தான்.

உபரி என்றாலும் பலன் உண்டு. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி எடுக்கும், எல்.இ.டி. உடனே எரியும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பின்னால் வரும் வண்டி அந்த 0.2 விநாடியில் 5 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தவிர, பெட்டி விளக்கு பின்னால் வரும் காரோட்டியின் கண் மட்டத்தில் இருக்கும். பெரிய பெட்டிகள் அசல் விளக்கை மேலிருந்து மறைக்கவும் செய்கின்றன. லாரி ஓட்டுபவரின் இருக்கை உயரத்திலிருந்து பார்த்தால் இது புரியும்.

முதலில் பைக்கின் வயரை அறியுங்கள்

மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சீட்டைக் கழற்றினால் பின் விளக்குக்குப் போகும் கனெக்டர் தெரியும். தேவையானவை மூன்று வயர்கள்: டெயில், பிரேக், எர்த். ஹோண்டாவில் வழக்கமாகப் பழுப்பு டெயில், பச்சையில் மஞ்சள் கோடு பிரேக், வெறும் பச்சை எர்த். யமஹாவில் நீலம் டெயில், மஞ்சள் பிரேக், கறுப்பு எர்த். மாடலுக்கு மாடல் மாறக்கூடும் என்பதால் நிறத்தை நம்பி வெட்டாமல் மீட்டரில் உறுதி செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சாவியைப் போடுங்கள். சாவி போட்டதும், அல்லது விளக்கு ஸ்விட்சைப் போட்டதும், 12 வோல்ட் வருவது டெயில். பிரேக் பிடித்தால் மட்டும் வருவது பிரேக். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வயரில் வோல்ட் வர வேண்டும்.

இங்கே மூன்று இடங்களில் மாட்டிக்கொள்ளலாம்.

ஒன்று, ஏ.சி. விளக்குச் சுற்று. பழைய சிறிய பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் ஹெட்லைட்டும் டெயிலும் பேட்டரியிலிருந்து எரியாமல், இன்ஜினின் காயிலிலிருந்து வரும் ஏ.சி.யில் நேராக எரியும். இன்ஜின் ஓடினால்தான் டெயில் எரிகிறது, ஐடிலில் மங்குகிறது என்றால் உங்கள் வண்டி அந்த ரகம். இதில் எல்.இ.டி.யை மாட்டினால் படபடவென்று மினுக்கும். ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். அந்தக் காயிலின் ஒரு முனை ஏற்கெனவே பாடியில் எர்த் ஆகியிருக்கும். பிரிட்ஜின் நெகட்டிவையும் பாடியில் சேர்த்தால், உள்ளே ஒரு டயோடு வழியாகக் காயில் ஷார்ட் ஆகும். அந்தச் சிக்கலே வேண்டாம். சாவிக்குப் பின்னால் பேட்டரி டி.சி. வரும் ஒரு வயரை டெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் வயர் இந்த வண்டிகளிலும் பெரும்பாலும் பேட்டரி டி.சி.தான், ஆனாலும் மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டு, அசல் விளக்கே எல்.இ.டி.யாக உள்ள புதிய வண்டிகள். சிலவற்றில் டெயிலும் பிரேக்கும் ஒரே எல்.இ.டி.கள். டெயில் நிலையில் மின்சாரத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை விட்டுவிட்டுக் கொடுத்து மங்கலாக்குவார்கள். மீட்டரில் 12-க்குப் பதில் 2, 3 வோல்ட் காட்டினால் அதுதான் நடக்கிறது. அந்த வயரில் தொடாதீர்கள். அந்தத் துடிப்பை உருவாக்கும் மின்னணுப் பலகைக்கு முன்னால், நேரான 12 வோல்ட் வரும் இடத்தைத் தேடுங்கள்.

மூன்று, கேன் பஸ் (வண்டியின் மின் பாகங்களைக் கணினியோடு இணைக்கும் தகவல் தடம்) உள்ள வண்டிகள். விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கணினி கண்காணிக்கும். கூடுதலாக ஒன்று இழுத்தால் வண்டியின் மீட்டரில் எச்சரிக்கை காட்டும், சில வண்டிகள் அந்தச் சுற்றையே நிறுத்திவிடும். இதற்கு வழி, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுத்து, பைக்கின் டெயில், பிரேக் வயர்களை வெறும் சைகையாக மட்டும் பயன்படுத்துவது. சில மில்லி ஆம்பியரே இழுக்கும் மாஸ்ஃபெட் மாட்யூல் (மின்னணு ஸ்விட்ச்) இதற்கென்றே கிடைக்கிறது. காயிலால் இயங்கும் சாதாரண ரிலே ஸ்விட்ச் இங்கே உதவாது, ஏனென்றால் 12 வோல்ட் ரிலேயின் காயிலே ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். அது பெட்டி விளக்கின் பிரேக் மின்சாரத்துக்கு நெருங்கிய அளவு.

இந்த மூன்றும் இல்லாத வண்டியென்றால் ரிலேயே தேவையில்லை. அசல் 21/5 வாட் பல்பு (பிரேக்குக்கு 21, டெயிலுக்கு 5 வாட்) பிரேக்கில் 1.75 ஆம்பியர் இழுக்கிறது. நாம் சேர்ப்பது 0.2 முதல் 0.5 ஆம்பியர் வரைதான். பிரேக் ஸ்விட்ச் அதைத் தாங்கும்.

எந்த விளக்கு

வழிகள் மூன்று. கிவி, ஷாட் போன்ற பெட்டி நிறுவனங்கள் சில மாடல்களுக்கென்றே விளக்கு கிட் தருகின்றன. உங்கள் பெட்டிக்கு அது கிடைத்தால் வாங்கிவிடுங்கள், மீதியைப் படிக்க வேண்டிய அவசியமே பாதி குறையும். இரண்டாவது, டிரெய்லர், லாரிகளுக்கு வரும் அடைக்கப்பட்ட எல்.இ.டி. பின் விளக்குகள். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும், மின்சாரத்தைச் சீராக்கும் ஐ.சி. உள்ளேயே இருக்கும், டெயில், பிரேக், எர்த் என மூன்று வயர் தனியாக வரும், இ முத்திரையோடு (ஐ.நா. விதிப்படி அங்கீகரிக்கப்பட்டதைக் காட்டும் E குறி) வாங்கலாம். கைவேலை செய்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். மூன்றாவது, பெட்டியில் ஏற்கெனவே உள்ள சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டுவது. பார்க்க அழகாக வருவது இதுதான், தவறு நடப்பதும் இதில்தான்.

ஸ்ட்ரிப் என்றால் முதலில் நிறம். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.தான் வைக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு, மீதியை லென்ஸ் விழுங்கிவிடும். மிஞ்சுவது மங்கலான ஒரு இளஞ்சிவப்பு.

அடுத்தது லென்ஸ். பெட்டியில் உள்ள சிவப்புப் பட்டை சில மாடல்களில் வெறும் வண்ணப் பிளாஸ்டிக், சிலவற்றில் உண்மையான ரிஃப்ளெக்டர். இருட்டில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்தால் அது ரிஃப்ளெக்டர். அதன் பின்பக்கம் நுண்ணிய பட்டகங்களால் ஆனது, பின்னாலிருந்து கொடுக்கும் ஒளி சிதறி வீணாகும். அதில் ஸ்ட்ரிப் ஒட்டினால் விளக்கும் சரியாக எரியாது, ரிஃப்ளெக்டரும் கெடும். அதை விட்டுவிட்டு விளக்குக்கு வேறு இடம் பாருங்கள்.

இப்போது மின்னழுத்தம். ஸ்ட்ரிப்பில் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், ஆனால் ஓடும் வண்டியில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். ஸ்ட்ரிப் என்பது மூன்று எல்.இ.டி.யும் ஒரு ரெசிஸ்டரும் (மின்தடை) தொடராக உள்ள துண்டுகளின் வரிசை. சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட், மூன்றுக்கு 6.3. 12 வோல்ட்டில் ரெசிஸ்டரின் பங்கு 5.7, 14.4-இல் அது 8.1. ஆக மின்சாரம் 40 சதவீதம் கூடுகிறது, ரெசிஸ்டரின் சூடு இரு மடங்காகிறது. வெள்ளையென்றால் நிலைமை இன்னும் மோசம்: மூன்று வெள்ளைக்கு 9.6 வோல்ட் போக, ரெசிஸ்டரின் பங்கு 2.4-லிருந்து 4.8 ஆகும், மின்சாரமே இரு மடங்கு. மலிவு ஸ்ட்ரிப் சீக்கிரம் போவதற்கு இது பெரிய காரணம். 12 வோல்ட் ரெகுலேட்டர் வைக்கலாமே என்றால், 7812 போன்ற பழைய ஐ.சி.க்கு உள்ளே வரும் அழுத்தம் 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஐடிலில் அது கிடைக்காது. ஒரு ரெசிஸ்டரே போதும், கணக்கு கீழே.

டெயிலும் பிரேக்கும் ஒரே ஸ்ட்ரிப்பில்

இரண்டு தனி ஸ்ட்ரிப் வைத்து, ஒன்றை டெயிலுக்கும் மற்றதைப் பிரேக்குக்கும் கொடுத்தால் எந்தக் கணக்கும் வேண்டாம். அப்போது டெயில் ஸ்ட்ரிப் சிறியதாகவும், பிரேக் ஸ்ட்ரிப் அதைப்போலப் பல மடங்கு பெரியதாகவும் இருக்கட்டும்.

இடம் குறைவு என்றால் ஒரே ஸ்ட்ரிப்பை இரண்டு வெளிச்சத்தில் எரிய வைக்கலாம். பிரேக் வயர் ஒரு டயோடு வழியாகவும், டெயில் வயர் ஒரு டயோடும் பெரிய ரெசிஸ்டரும் வழியாகவும் ஸ்ட்ரிப்பின் பாசிட்டிவில் சேரும். டயோடு 1என்4007 போதும், அது 1 ஆம்பியர் தாங்கும். வெள்ளிக் கோடு உள்ள முனை ஸ்ட்ரிப் பக்கம்.

டயோடு எதற்கு? அது இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது பிரேக் வயரின் 12 வோல்ட் டெயில் வயருக்குள் பின்னோக்கிப் பாயும். டெயில் வயரோடு வண்டியின் மீட்டர் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்திருக்கும். பிரேக் பிடித்தால் அவையும் எரியக்கூடும். எதிர்த்திசையில் டெயில் மின்சாரம் பிரேக் வயருக்குள் போனால் அசல் பிரேக் விளக்கே அரைகுறையாக எப்போதும் எரியக்கூடும், அது இன்னும் ஆபத்து.

ரெசிஸ்டர் கணக்குக்கு ஓர் உதாரணம். 30 சிவப்பு எல்.இ.டி., அதாவது 10 துண்டு, துண்டுக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் மொத்தம் 0.2 ஆம்பியர். வண்டி ஓடும்போது 14.4, டயோடில் 0.7 போக 13.7. அதை 12-ஆக இறக்க 1.7 வோல்ட்டைக் கழிக்க வேண்டும்: 1.7 ÷ 0.2 = 8.5 ஓம். கடையில் கிடைக்கும் 8.2 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைப் பிரேக் பக்கம் போடுங்கள். டெயில் பக்கம் 150 ஓம் போட்டால் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் போகும், பிரேக்கில் போவதில் ஐந்தில் ஒரு பங்கு. 330 ஓம் என்றால் 20 மில்லி ஆம்பியர், பத்தில் ஒரு பங்கு. எல்.இ.டி.யின் வெளிச்சம் ஏறக்குறைய மின்சாரத்துக்கு ஏற்பவே மாறும்.

எந்த விகிதம் நல்லது? அசல் 21/5 வாட் பல்பில் பெரிய இழை 440 லூமென், சிறியது 35 லூமென். அதாவது 12 மடங்குக்கு மேல். 5 மடங்குக்குக் கீழே போகவே போகாதீர்கள், பின்னால் வருபவருக்கு மாற்றமே தெரியாது. நான் 330-லிருந்து தொடங்கச் சொல்வேன். டெயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பலருடைய பிரேக் விளக்கு உபயோகமற்றதாகிறது.

5050 ரக (5 மி.மீ. சதுர எல்.இ.டி. உள்ள) ஸ்ட்ரிப் பொதுவாகத் துண்டுக்கு 60 மில்லி ஆம்பியர் இழுக்கும், அப்போது மேலே சொன்ன ஓம்களை மூன்றால் வகுக்க வேண்டும். வாட் அளவும் மூன்று மடங்காகும், ஆகவே 3 வாட் ரெசிஸ்டர் வாங்குங்கள். எப்படியும் அட்டையில் போட்டதை நம்பாமல், வெட்டிய துண்டை 12 வோல்ட்டில் மாட்டி மீட்டரில் மின்சாரத்தை அளந்து அதிலிருந்து கணக்கிடுங்கள். ஸ்ட்ரிப்பைச் செம்புக் கோடு உள்ள இடத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டும்.

ரெசிஸ்டரையும் டயோடையும் வயரில் தொங்கவிடாதீர்கள், அதிர்வில் அதன் கால்கள் ஒடியும். சிறிய துளைப் பலகையில் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் டியூபில் போட்டு, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள்.

பைக் பக்கத்து வயரிங்

அசல் வயரை வெட்ட வேண்டாம். அதே ரகக் கனெக்டர் ஆணும் பெண்ணும் கிடைத்தால், நடுவில் செருகும் ஒரு சிறு ஒய் வயர் செய்துகொள்ளலாம். வண்டியை விற்கும்போது உருவிவிட்டால் எதுவும் நடக்காததுபோல இருக்கும். கிடைக்காவிட்டால் திருகு மூடி உள்ள டேப் கனெக்டர் பரவாயில்லை. வயரின் தோலைக் கத்தியால் கிழித்துக் கவ்வும் மலிவு நீல நிறக் கிளிப் வேண்டவே வேண்டாம். அது சில இழைகளை அறுத்துவிடும், திறந்திருப்பதால் ஈரமும் ஏறும். அறுவது உங்கள் அசல் பிரேக் விளக்கின் வயர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஒய் பிரியும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் டெயிலுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என 2 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு வையுங்கள். அதிகம் பேர் விட்டுவிடும் பகுதி இதுதான். பைக்கில் பிரேக் விளக்கின் ஃபியூஸ் பெரும்பாலும் தனியாக இருக்காது. ஹார்ன், இண்டிகேட்டர், மீட்டர் எல்லாம் அதே 10 அல்லது 15 ஆம்பியரில் சேர்ந்திருக்கும். பெட்டியின் வயர் எங்கோ நசுங்கி ஷார்ட் ஆனால், நடுச்சாலையில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் பெட்டி விளக்கு மட்டும் அணையும்.

வயர் 0.5 சதுர மி.மீ. மின்சாரத்துக்கு வேண்டிய அளவைவிட அதிகம்தான். இருந்தாலும் உறுதிக்காகச் சீட்டுக்கு அடியிலிருந்து கனெக்டர் வரை 0.75 போடலாம். எர்த்தைத் தனி வயராகப் பின் விளக்குக் கனெக்டரின் எர்த்துக்கே கொண்டுபோங்கள். அலுமினியப் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியையே எர்த்தாக எடுக்க நினைப்பார்கள். பெட்டி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும், பிளேட்டில் பவுடர் கோட்டிங் இருக்கும், அங்கே நம்பகமான எர்த் கிடைக்காது.

இணைப்புகளில் சால்டரைவிடக் கிரிம்ப் (உலோக முனையை வயரோடு நசுக்கிப் பிடிப்பது) நல்லது. சால்டர் வயருக்குள் ஊறி நிற்கும் எல்லையில் வயர் விறைத்துப்போகும், அதிர்வில் சரியாக அந்த இடத்தில் ஒடியும். சால்டர் வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 3 செ.மீ. அசையாமல் கட்டி வையுங்கள். ஷ்ரிங்க் டியூப் உள்ளே பசை உள்ள ரகமாக இருக்கட்டும்.

கனெக்டர்

பெட்டியைத் தினமும் கழற்றுபவரா, ஆண்டுக்கு இரண்டு முறை கழற்றுபவரா என்பதைப் பொறுத்து இது மாறும்.

அபூர்வமாகக் கழற்றுபவர்களுக்கு சூப்பர்சீல் அல்லது டாய்ச் டி.டி. மூன்று முனைக் கனெக்டர். ரப்பர் சீல் உள்ளது, தண்ணீர் புகாது, கிளிப் இறுகப் பிடிக்கும். சீல் வேலை செய்ய வேண்டுமானால் வயரின் வெளி விட்டம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெல்லிய வயரைப் போட்டால் ரப்பருக்கும் வயருக்கும் நடுவே தண்ணீர் இறங்கும்.

தினமும் கழற்றுபவர்களுக்குக் கிளிப் கனெக்டர் தொல்லை. ஒருநாள் மறந்து பெட்டியை இழுத்துவிடுவீர்கள். அவர்களுக்கு பிளேட்டில் ஸ்பிரிங் முனைகளும் பெட்டியின் அடியில் செம்புத் தகடுகளும் வைத்து, பெட்டி உட்கார்ந்ததும் தானாகத் தொடும் ஏற்பாடு வசதி. ஆனால் டயர் அடிக்கும் சேறு நேராக அங்கேதான் வரும், அதிர்வும் அங்கேதான் அதிகம். தங்க முலாம் பூசிய முனைகளை வாங்கி, மாதம் ஒருமுறை துடைத்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) மெல்லியதாகப் பூசினால் ஓடும். காந்தத்தில் ஒட்டும் கனெக்டர் பார்க்க நன்றாக இருக்கும், குழியில் இறங்கும்போதெல்லாம் ஒரு கணம் விட்டுவிட்டுத் தொடும். பிரேக் விளக்குக்கு அது ஆகாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: இழுத்தால் கழன்று வரும் டிரெய்லர் ரகத் தட்டைக் கனெக்டர், சுருள் வயரோடு. மறந்து பெட்டியைத் தூக்கினாலும் எதுவும் அறுகாது. நான்கு முனை வரும், மூன்று போக ஒன்று மிச்சம்.

எந்தக் கனெக்டராக இருந்தாலும் ஒரே விதி. மின்சாரம் வரும் பைக் பக்கத்தில் முனைகள் உள்ளே பதுங்கிய பெண் பகுதி, பெட்டிப் பக்கத்தில் ஆண். தலைகீழாகப் போட்டால், பெட்டி இல்லாமல் ஓட்டும் நாளில் திறந்த முனை சட்டத்தில் பட்டு ஃபியூஸ் போகும். பைக் பக்கத்துக்கு ஒரு மூடியும் வேண்டும். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள், மழைத்தண்ணீர் தேங்காது.

பெட்டிக்குள் வயரும் பொருத்துதலும்

முடிந்தவரை விளக்கைப் பெட்டியின் கீழ்ப்பாதியில் வையுங்கள். மூடியில் வைத்தால் வயர் கீலைத் தாண்ட வேண்டும். பல டாப் பாக்ஸ்களில் கீல் ஓட்டுபவர் பக்கமும் பூட்டு பின்பக்கமும் இருப்பதால், விளக்குக்கு வயர் முழு மூடியையும் சுற்றிவர வேண்டியிருக்கும். வேறு வழியில்லை என்றால் கீல் அருகே சிலிக்கான் தோல் உள்ள, நுண்ணிழைகள் நிறைந்த வயரைப் பயன்படுத்துங்கள். கீலின் அச்சுக்கு இணையாக ஒரு கை அகலத்துக்கு வயரை ஓடவிட்டால், மூடி திறக்கும்போது அது மடங்காமல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு வயருக்குக் கேடில்லை, ஒரே இடத்தில் மடிவதுதான் அறுக்கும்.

உள்ளே நுழையும் துளை பெட்டியின் அடியில் அல்லது பக்கச் சுவரின் கீழே இருக்கட்டும். ஸ்டெப் டிரில் பிட், குறைந்த வேகம், மேலே மாஸ்க்கிங் டேப். துளையில் ரப்பர் கிராமெட் (வளையம்) கட்டாயம், அலுமினியத்தில் பிசிரைச் சுரண்டிவிட்டுப் பிறகு கிராமெட். வயர் நுழையும் முன் வெளியே சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். உள்ளே வயரைச் சுவரோரம் ஒட்டி, மேலே ஒரு தகடோ துணி லைனரோ போடுங்கள். ஹெல்மெட்டும் பூட்டும் உள்ளே உருண்டால் திறந்த வயர் தாங்காது.

ஒட்டுவதற்கு முன் பெட்டியின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் ரகக் குறியைப் பாருங்கள். பாலிபுரோப்பிலீன் என்றால் எந்தப் பசையும் சுலபத்தில் ஒட்டாது, நல்ல இரட்டைப் பக்க டேப்கூட வாரத்தில் உரிந்துவிடும். அதற்கு டேப் நிறுவனமே தரும் பிரைமரைப் பூசி ஒட்டுங்கள், இல்லையேல் ஸ்க்ரூவே நல்லது. ஏ.பி.எஸ். என்றால் ஒட்டும், ஆனால் ஸ்க்ரூவில் திரெட் லாக் திரவத்தைப் போடாதீர்கள். அது ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டையும் நுண்ணிய விரிசல் விடச் செய்யும். நைலான் நட் போதும். ஸ்க்ரூ துளை ஸ்க்ரூவைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், வெயிலில் பிளாஸ்டிக் விரியும்.

சிலிக்கான் சீலன்ட் வாங்கும்போது மூக்கைப் பயன்படுத்துங்கள். வினிகர் வாசம் வருவது அசிட்டிக் ரகம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பையும் ஸ்ட்ரிப்பின் தடத்தையும் அரிக்கும். நியூட்ரல் கியூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். விளக்குக் கூட்டை முழுக்க அடைக்க முயலாதீர்கள். சூட்டில் காற்று விரிந்து, குளிர்ந்ததும் ஈரத்தை உள்ளே இழுக்கும். அடிப்பக்கம் 3 மி.மீ. துளை ஒன்று இருந்தால் தண்ணீர் தங்காது.

ஸ்ட்ரிப்பை நேராகப் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல், 2 மி.மீ. அலுமினியப் பட்டையில் ஒட்டி அந்தப் பட்டையை ஸ்க்ரூ செய்யுங்கள். சிக்னலில் ஒரு நிமிடம் பிரேக்கைப் பிடித்தபடி நிற்கும்போது வரும் சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

கோணமும் முக்கியம். பெட்டியின் பின்சுவர் பல மாடல்களில் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதில் தட்டையாக ஒட்டினால் வெளிச்சத்தின் மையம் வானத்துக்குப் போகும். ஆப்பு வடிவத் துண்டு வைத்து நேர் பின்னால் பார்க்க வையுங்கள். பெட்டிக்குள் சாமான் போட்டு, ஆள் உட்கார்ந்து, சஸ்பென்ஷன் இறங்கிய நிலையில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம்

பின்பக்கம் சிவப்பு மட்டுமே என்பது ஏறக்குறைய எங்கும் பொது. மோட்டார்சைக்கிள் விளக்குகளுக்கான ஐ.நா. விதி எண் 53, டெயில், பிரேக் விளக்குகள் தரையிலிருந்து 250 முதல் 1500 மி.மீ. உயரத்துக்குள் இருக்கச் சொல்கிறது. உயரமான வண்டியில் மூடியின் உச்சியில் வைப்பவர்கள் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கூடுதல் விளக்கு எத்தனை அனுமதி, முத்திரை கட்டாயமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரேக் பிடித்ததும் படபடவென்று மினுக்கும் மாட்யூல்களுக்குப் பல நாடுகளில் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும், நெரிசலில் பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அது தண்டனை.

வயரே இல்லாத கிட்களைப் பற்றியும் கேட்பார்கள். வேகக் குறைவை உணர்ந்து தானாக எரிபவை, லேசாகப் பிரேக்கைப் பிடித்தபடி சரிவில் இறங்கும்போதும், நின்றபடி பிரேக் பிடிக்கும்போதும் எரியாமல் போகலாம். ரேடியோ சைகையில் இயங்குபவற்றில் பெட்டிக்குள் ஒரு பேட்டரியைச் சார்ஜ் செய்ய நினைவு வைத்திருக்க வேண்டும். அலங்காரத்துக்குச் சரி, பிரேக் விளக்குக்கு மூன்று வயர்தான்.

சோதனையும் கோளாறும்

நண்பகல் வெயிலில் 10 மீட்டர் பின்னால் ஒருவரை நிற்க வைத்து, பிரேக் விளக்கு நேராகவும் இருபுறம் 45 பாகையிலும் தெரிகிறதா என்று கேளுங்கள். இரவில் டெயில் கண்ணைக் கூசுகிறதா என்று பாருங்கள், கூசினால் டெயில் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள். இன்ஜின் ஓட, ஹேண்டிலை இருபுறமும் திருப்பி, மூடியைத் திறந்து மூடி, வயரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் மீட்டர் விளக்கும் எரிந்தால் டெயில் பக்கத்து டயோடு இல்லை, அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. எப்போதும் பளிச்சென்று எரிந்து, பிரேக் பிடித்தாலும் மாறாவிட்டால் டெயில், பிரேக் வயர்கள் இடம் மாறியுள்ளன. குழியில் மட்டும் மினுக்கினால் கனெக்டர், ஐடிலில் மட்டும் மினுக்கினால் ஏ.சி. சுற்று. தனித்தனி ஸ்ட்ரிப் வைத்தவர்களுக்குப் பிரேக் பிடித்ததும் டெயில் பகுதி மங்கினால் எர்த்தில் தடை இருக்கிறது. பிரேக்கைப் பிடித்தபடி ஸ்ட்ரிப்பின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது.

சாவியை எடுத்த பிறகும், அல்லது பிரேக்கை விட்ட பிறகும், மிக மெல்லியதாக ஒளிர்ந்தால் எங்கிருந்தோ சில மைக்ரோ ஆம்பியர் கசிகிறது. பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்.இ.டி. காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரிப்பின் இரு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் நின்றுவிடும்.

ஸ்ட்ரிப்பில் அடுத்தடுத்த மூன்று மட்டும் அணைந்திருந்தால் அந்தத் துண்டில் ஒரு எல்.இ.டி. போயிருக்கிறது, அல்லது வளைத்து ஒட்டியதில் சால்டர் விட்டிருக்கிறது. செம்புக் கோட்டில் வெட்டி அந்தத் துண்டை மட்டும் மாற்றுங்கள். ரெசிஸ்டர் கணக்கு மாறாது. ஒரே பக்கத்தில் துண்டு துண்டாகப் போய்க்கொண்டே இருந்தால் மாற்றுவதை நிறுத்திவிட்டு, வண்டி 5000 சுற்றில் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். 15-ஐத் தாண்டினால் கோளாறு வண்டியின் சார்ஜிங் ரெகுலேட்டரில்.